பெரிய பிரிட்ஜ் வாங்கினாலும் கீரை அழுகும்

மகள், உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறீர்கள், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழமைக்குத் தேவையான மரக்கறி, கீரை, பழம் எல்லாம் ஒரேயடியாக 4,000 ரூபாவுக்கு வாங்கிப் பிரிட்ஜுக்குள் அடுக்குகிறீர்கள். புதன்கிழமை கீரை சளியாகிவிடுகிறது. வெள்ளிக்கிழமை கத்தரிக்காயும் போஞ்சியும் குப்பைக்குப் போகின்றன. வெல்லாவெளியில் இருந்து மாமி அனுப்பும் மூட்டையிலும் பாதி வீண். பிரிட்ஜ் சிறிது என்பதால்தான் இப்படி ஆகிறதா, தவணைக்குப் பெரியதாக ஒன்று எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

எடுக்காதீர்கள். சிறிய பிரிட்ஜில் அழுகுகிற கீரை பெரிய பிரிட்ஜிலும் அதே புதன்கிழமைதான் அழுகும். எறிவது கால்வாசி என்று வைத்தால் கிழமைக்கு 1,000 ரூபா, வருடத்துக்கு 52,000 ரூபா. அந்தக் காசைத் தவணைக்குக் கட்டிவிட்டுத் தொடர்ந்தும் எறிந்துகொண்டிருப்பீர்கள்.

விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மட்டக்களப்பு வாவியின் இரு பக்கமும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, எப்படி நடுவது, எதற்கு எந்த மருந்து, எந்தப் பருவத்தில் எந்த விதை என்றுதான் வேலைக்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிடுங்கிய மரக்கறியைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நானும் பெரிதாகச் சொன்னதில்லை. இலங்கையில் பழம் மரக்கறி அறுவடைக்குப் பிறகு 30 முதல் 40 வீதம் வீணாகிறது என்று பயிற்சி வகுப்புகளில் எல்லாம் சொல்வார்கள். அதில் பெரும் பங்கு மூட்டையிலும் லொறியிலும் சந்தையிலும் போய்விடுகிறது. அதையெல்லாம் தப்பி வந்து சேர்ந்ததைத்தான் நாம் சமையலறையில் அழுகவிடுகிறோம். இது நம் ஊர்க் குறை மட்டுமில்லை. 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 105 கோடி தொன் உணவு வீணானதாகவும் அதில் 60 வீதம் வீடுகளில் போனதாகவும் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டம் கணக்குச் சொல்கிறது. ஆகவே வெட்கப்பட வேண்டாம், திருத்திக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சோதனை. அடுத்த முறை வாழைநாரால் இறுகக் கட்டிய கீரைக் கட்டு ஒன்றை வாங்கினால், அவிழ்க்க முன் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். வெயில் சூடு என்று நினைப்பீர்கள், அது மட்டுமில்லை. பிடுங்கிய பிறகும் கீரைக்கு உயிர் இருக்கிறது, மூச்சு விடுகிறது. சேர்த்து வைத்த மாவையும் சர்க்கரையையும் எரித்துச் சூட்டையும் நீராவியையும் வெளியே விடுகிறது. வேரில்லாததால் உள்ளே வருவது ஒன்றுமில்லை. சேமிப்பு முடிந்தால் அதன் கதை முடிந்தது. வெப்பம் 10 பாகை கூடினால் இந்த மூச்சு இரண்டு, மூன்று மடங்கு வேகமாகிறது. நம் சமையலறை 31 பாகை, பிரிட்ஜ் 4 பாகை. இரண்டுக்கும் இடையில் ஆறேழு மடங்குக்குக் குறையாத வித்தியாசம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வாங்கிய கீரை மோட்டார் சைக்கிள் ஹேண்டிலில் தொங்கி, மீன்கடை, பேக்கரி எல்லாம் சுற்றி, பதினொரு மணிக்குத்தான் வீடு வருகிறது என்றால், பிரிட்ஜுக்குள் அது ஒரு நாள் முழுக்க இருந்திருக்கக்கூடிய ஆயுளை வெயிலிலேயே கரைத்துவிட்டுத்தான் வருகிறது. மரக்கறியைக் கடைசியாக வாங்குங்கள். அதுவும் முடியாதென்றால் ஈரத்துணி ஒன்றைப் போட்டு மூடிக்கொண்டு வாருங்கள்.

இனி அந்த சொப்பிங் பேக். உங்கள் பிரிட்ஜைத் திறக்காமலே சொல்கிறேன்: முடிச்சுப் போட்ட பைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும், உள்பக்கம் முழுக்க நீர்த்துளி அரும்பியிருக்கும், அடியில் கிடக்கும் இலைகள் கரும்பச்சையாகிப் பையோடு ஒட்டியிருக்கும், முடிச்சை அவிழ்த்ததும் குளத்துச் சேற்று வாடை அடிக்கும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? கீரை விட்ட மூச்சுத்தான். அதோடு வாடாமலிருக்க வியாபாரி காலையிலிருந்து தெளித்த தண்ணீரும் உள்ளேயே இருக்கிறது. இலைமேல் தண்ணீர் நின்றால் அழுகல் தொடங்கும். பையே இல்லாமல் சும்மா வைத்தாலோ வாடிவிடும், அதிலும் பனி கட்டாத புது வகைப் பிரிட்ஜுகள் விசிறியால் காற்றைச் சுற்றவிட்டு இன்னும் வேகமாக உலர்த்தும். ஆக வேண்டியது இரண்டும்: இலையைச் சுற்றி ஈரக் காற்று வேண்டும், இலைமேல் ஈரம் வேண்டாம்.

அதற்குச் செலவே இல்லை. கீரை வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, பழுத்தது, நசிந்தது, பூச்சி தின்றது எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கழுவ வேண்டாம். கடையில் தெளித்த ஈரம் இருந்தால் மின்விசிறிக்குக் கீழே பழைய சாரத்துணியில் பத்து நிமிடம் பரப்புங்கள். பிறகு உலர்ந்த பருத்தித் துணியிலோ அச்சில்லாத கடதாசியிலோ தளர்வாகச் சுற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் அமுக்காமல் வையுங்கள். துணி நனைந்தால் மாற்றுங்கள், அவ்வளவுதான். முருங்கையிலையும் கறிவேப்பிலையும் இப்படியே, ஈர்க்கில் இருந்து உருவி வைத்தால் இடமும் மிச்சம். வல்லாரையையும் பொன்னாங்காணியையும் மறுநாளே சமைப்பதென்றால் தண்டை ஒரு கிளாஸ் தண்ணீரில் நிறுத்தி நிழலில் வைத்தாலே போதும், சாமியறைப் பூப்போல நிற்கும். இலை தண்ணீரைத் தொடக்கூடாது. பச்சைக் கொச்சிக்காயை, அதாவது பச்சை மிளகாயை, காம்பு கிள்ளி, ஈரம் துடைத்து, கடதாசி போட்ட டப்பாவில் வைத்தால் இரண்டு கிழமைக்குப் பிறகும் நொறுக்கென்று உடையும். ஒன்று அழுகியிருந்தால் அன்றே தூக்கி எறியுங்கள், அது தனியாகப் போகாது, பக்கத்திலிருப்பதையும் கூட்டிக்கொண்டுதான் போகும்.

ஒரு எச்சரிக்கை. “தக்காளியைப் பிரிட்ஜில் வைக்காதே, மேசையில் வை. கத்தரியைப் பிரிட்ஜில் வைக்காதே, அறையில் வை” என்று இணையத்தில் எல்லா இடமும் எழுதியிருக்கும். எழுதியவர்களின் அறை 20 பாகை. உங்கள் அறையில் சித்திரை வைகாசியில் தேங்காய் எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. அவர்கள் சொல்வதில் பிழையில்லை, இடம்தான் வேறு.

நம் தரையில் விளையும் மரக்கறி பெரும்பாலும் வெப்ப நாட்டுக்காரர்கள். கத்தரி, வெண்டி, பயற்றை, புடோல், வெள்ளரி, பூசணி, பழுக்காத தக்காளி, பழுக்காத மாங்காய் எல்லாவற்றுக்கும் 10, 12 பாகைக்குக் கீழே போனால் குளிர்க்காயம் வரும். கத்தரித் தோலில் அம்மைத் தழும்பு மாதிரிப் பள்ளம் விழுவதையும் வெட்டினால் விதை கறுத்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவரைத் திட்டியுமிருப்பீர்கள். அது குளிரில் பட்ட அடி. மலைநாட்டில் இருந்து வருகிற கரட், கோவா, லீக்ஸ், பீட்ரூட் அப்படியில்லை. அவற்றுக்கு உறைநிலைக்குச் சற்று மேலே இருந்தால்தான் சுகம். பிரிட்ஜுக்குள் நல்ல குளிரான இடத்தில் மலைநாட்டுச் சரக்கை வையுங்கள். கத்தரி, வெண்டி, பயற்றையைக் கடதாசியில் சுற்றி, குளிர் குறைந்த அடித்தட்டிலோ கதவுத் தட்டிலோ வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் சமைத்துவிடுங்கள். அதற்கு மேல் வைத்திருக்க நினைத்தால் தோற்றுப்போவீர்கள், நானும் தோற்றிருக்கிறேன். போஞ்சி நடுத்தரம், நாலைந்து நாள் நிற்கும், செம்பழுப்புப் புள்ளி விழ முன் சமைக்க வேண்டும். காய்த் தக்காளியைக் காம்புத் தழும்பு கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்து வெளியே வைத்துப் பழுக்கவிடுங்கள். அந்தத் தழும்பு வழியாகத்தான் அதன் தண்ணீர் போகிறது. நன்றாகப் பழுத்ததும் பிரிட்ஜுக்குள் போகட்டும். மணம் கொஞ்சம் குறையும்தான், சொதிக்கும் குழம்புக்கும் அது பெரிய குறையில்லை. 31 பாகையில் விட்டால் மறுநாள் வெடித்துவிடும்.

கோவாவைக் கத்தியால் பிளக்காதீர்கள். தேவையான அளவுக்கு வெளியிலைகளை ஒவ்வொன்றாக உரித்து எடுத்தால் உள்ளே இருப்பது மூன்று கிழமையும் அப்படியே இருக்கும். கரட்டில் இலை இருந்தால் அன்றே வெட்டி எறியுங்கள், கிழங்கின் தண்ணீரை அதுதான் குடிக்கிறது. வாடிய கரட்டைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணித்தியாலம் போட்டால் திரும்ப நிமிர்ந்துவிடும். இதைத் தெரியாமல் எத்தனை கிலோவை எறிந்திருக்கிறோமோ!

பிரிட்ஜுக்குள் போகவே கூடாதவை சில இருக்கின்றன. உருளைக்கிழங்கைக் குளிரில் வைத்தால் மாவு சர்க்கரையாகும், பொரித்தால் கறுக்கும், இனிக்கும். இருட்டான, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையானதைச் சாப்பிட வேண்டாம். நம் சூட்டில் எப்படியும் முளைக்கும் என்பதால் ஒரு கிலோவுக்கு மேல் வாங்குவதில் இலாபமில்லை. வெங்காயத்தையும் உள்ளியையும் அதன் பக்கத்தில் வைக்காமல் வலைப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். மாரியில் வெங்காயத்தின் மேல்தோலில் கறுத்த தூள் பிடிக்கும். பூஞ்சணம்தான். தோலோடு ஒன்றிரண்டு ஏடு எடுத்துவிட்டு உள்ளே நன்றாக இருந்தால் கழுவிச் சமைக்கலாம். வற்றாளைக் கிழங்குக்கும் பிரிட்ஜ் ஆகாது, நடு இறுகிப்போய் அவித்தாலும் வேகாது. பூசணியைக் காம்போடு வாங்குங்கள், தட்டினால் கணீரென்று கேட்கிற முற்றலாக. ஈரமில்லாத மூலையில் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். வெட்டிய பிறகுதான் அவசரம்: விதையையும் பஞ்சையும் வழித்தெடுத்துவிட்டுப் பிரிட்ஜில் வையுங்கள், கெடுதல் தொடங்குவது அந்தப் பஞ்சில்தான்.

வாழைப்பழத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் வாழைக்குலையைக் குழியில் இறக்கிப் புகை போட்டுப் பழுக்க வைப்பார்களே, ஏன் பழுக்கிறது? புகையில் எதிலீன் என்ற வாயு இருக்கிறது. அதே வாயுவைப் பழுக்கிற பழமும் தானாகவே விடும். வாழை, மா, பப்பாளி, தக்காளி, அப்பிள் எல்லாம் இந்தக் கூட்டம். மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைப்பதும் அந்த வாயு வெளியே போகாமல் பிடித்து வைக்கத்தான். பழத்துக்கு நல்லதாக இருப்பது கீரைக்கு நஞ்சு. ஒரே கூடையில் கதலிச் சீப்பும் பொன்னாங்காணியும் வெள்ளரியும் இருந்தால் இலை மஞ்சளாகும், வெள்ளரி தளரும். பிரிட்ஜுக்குள் அப்பிளுக்குப் பக்கத்தில் இருந்த கரட் கசக்கும். பழம் ஒரு பக்கம், இலையும் காயும் இன்னொரு பக்கம் என்று பிரித்துவிடுங்கள். கதலியைக் கயிற்றில் தொங்கவிட்டு, எல்லாம் ஒன்றாகப் பழுத்துவிட்டால் மட்டும் பிரிட்ஜில் வைக்கலாம். தோல் கறுக்கும், உள்ளே ஒன்றும் ஆகாது. விருந்தாளிக்குக் கொடுக்க மட்டும் வெட்கமாக இருக்கும்.

இவ்வளவும் எப்படி வைப்பது என்பது. உங்கள் வீட்டில் உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை மரக்கறி வாங்குகிறீர்கள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் வீட்டில் மீன். வாவி மீனோ கடல் மீனோ வாசலுக்கே வந்துவிடுகிறது, மரக்கறி ஒரு சுண்டலோடு நின்றுவிடுகிறது. வெள்ளிக்கிழமைதான் சைவம். அன்றைக்குத்தான் மூன்று கறி, ஒரு கீரை, ஒரு பொரியல் என்று பிரிட்ஜைத் திறக்கிறீர்கள். அதாவது அதிகமாகத் தேவைப்படும் நாளுக்கு ஐந்து நாள் முன்னதாக வாங்கி வைத்திருக்கிறீர்கள். அது அழுகாமல் என்ன செய்யும்? இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் பெட்டியையும் துணியையும் மாற்றிப் பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடினமான சாமான்களை மட்டும் வாங்குங்கள்: கரட், பீட்ரூட், கோவா, பூசணி, வெங்காயம், கிழங்கு, கொச்சிக்காய், தேசிக்காய். கூட, ஞாயிறு திங்களுக்குப் போதுமான ஒரு கட்டுக் கீரை, கால் கிலோ வெண்டி. வெள்ளிக்கிழமைக்கான கீரையையும் பயற்றையையும் கத்தரியையும் வியாழன் பின்னேரம் வேலை விட்டு வரும்போது வாங்குங்கள். கிலோவுக்கு 20 ரூபா கூடப் போனாலும் பரவாயில்லை, எறிகிற கிலோவுக்கு முழு விலை போகிறது. களுதாவளைப் பக்கம் போகிற நாள் இருந்தால் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வாங்கிவிடுங்கள். தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போய்ச் சுற்றித் திரும்பி வந்த கத்தரியைவிட அது ஒன்றிரண்டு நாள் இளசாக இருக்கும். கிரான் ஞாயிற்றுச் சந்தைக்குப் போகிறவர்கள் மூட்டையாகக் கொண்டு வருவார்கள், அந்த ஆசை உங்களுக்கு வேண்டாம், வீட்டில் இரண்டு பேர்தான். பிரிட்ஜ் கதவில் ஒரு துண்டுக் கடதாசியை ஒட்டி, இரண்டு கிழமைக்கு எறிந்ததை மட்டும் எழுதிப் பாருங்கள். எழுதத் தொடங்கினால் எதைக் குறைத்து வாங்குவது என்று நான் சொல்லத் தேவையிராது.

பிரிட்ஜைப் பற்றி இரண்டே வார்த்தை. நிறைத்து அடுக்கினால் காற்றுச் சுற்றாது. கதவு ரப்பரில் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்துவிட்டால் குளிரும் அப்படித்தான் வெளியே போகிறது. புதுப் பிரிட்ஜுக்குப் பதிலாகப் புது ரப்பர் போடுங்கள்.

மின்சாரம் இல்லாமல் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்த காலத்தில், பிரிட்ஜ் இல்லாத வீடுகள் பதறவில்லை, நாம்தான் பதறினோம். அந்த நாட்களில் நான் செய்தது பானைக்குள் பானை. பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் மணல், மணலைக் காலையும் மாலையும் நனைக்க வேண்டும், மேலே ஈரத்துணி. நைஜீரியாவில் ஆசிரியராக இருந்த முகம்மது பா அப்பா என்பவர் இதை ஊர் ஊராகக் கொடுத்து 2000ஆம் ஆண்டில் ரோலக்ஸ் விருது வாங்கினார். மூன்று நாளில் கெடுகிற கத்தரி அவருடைய பானையில் 27 நாள் இருந்ததாகப் பதிவு இருக்கிறது. நம் ஊரில் 27 நாளை எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் ஆவியாகும்போதுதான் பானை குளிரும், காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் ஆவியாகாது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில், உதடு வெடிக்கிற அந்த வறட்சியில், உள்ளே ஐந்தாறு பாகை குறையும். மாரியில் ஒன்றிரண்டு பாகை குறைந்தாலே பெரிது, பூஞ்சணம் வேறு பிடிக்கும், அப்போது எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். ஆனால் ஒன்று, கத்தரி, தக்காளி, வெள்ளரிக்குப் பிரிட்ஜின் 4 பாகையைவிட இந்தப் பானை இதம். நான் மின்சாரம் ஒழுங்காக வந்த பிறகும் கச்சான் காலத்தில் பானையைத்தான் வைக்கிறேன். கல்லடிக் கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள். உப்பு பானையின் நுண்துளையை அடைத்துவிடும், ஆற்று மணல் போடுங்கள்.

சரி, மாமியின் மூட்டைக்கு வருவோம். அன்பாக அனுப்புகிறவரிடம் குறைத்து அனுப்புங்கள் என்று சொல்வது கஷ்டம். வந்த அன்றே மூட்டையைப் பிரித்துவிடுங்கள், சாக்கோடு ஒரு இரவு வைத்தால் நடுவில் இருப்பது வெந்துவிடும். தேவைக்கு மேலே உள்ளதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது முதல் வழி, அடுத்த மாதம் அவர்கள் வீட்டு மாங்காய் உங்களுக்கு வரும்.

மரவள்ளிக்கு அவசரம் அதிகம். தோண்டி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கறுப்பாக நரம்பு ஓடும், பிறகு கசக்கும், வேகாது. வந்த அன்றே தோலுரித்துத் துண்டு போட்டு, கழுவி, ஈரம் வடித்து, ஒரு வேளைக்குப் போதுமான அளவாகப் பைகளில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். சமைக்கும்போது உருக விடாமல் அப்படியே கொதிக்கிற தண்ணீரில் போடலாம். உறைபெட்டியில் இடமில்லையென்றால் தோலோடு ஈர மணலில் புதைத்தால் சில நாள் கூடக் கிடைக்கும்.

மிஞ்சிய கத்தரிக்கு வற்றல்தான். நீளவாட்டில் விரல் தடிப்பில் அரிந்து, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஒரு கொதி மட்டும் விட்டு வடித்து, ஓலைப்பாயிலோ சுளகிலோ ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். நல்ல வெயில் மூன்று நாள், சிலவேளை நாலு. பின்னேரம் பனி இறங்க முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். வளைத்தால் வளையாமல் முறிந்தால் காய்ந்துவிட்டது, ஆறவிட்டுப் போத்தலில் அடையுங்கள். பாகற்காயும் இப்படியே, அதற்குக் கொதி தேவையில்லை, உப்பில் பிரட்டினால் போதும். வேலைக்குப் போகிற நாளில் தொடங்காதீர்கள். வெள்ளி இரவு அரிந்து வைத்துச் சனி காலை வெயிலில் போட்டால் ஞாயிறும் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள், திங்கட்கிழமை மட்டும் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகலாம். ஐப்பசி பிறந்துவிட்டால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம், முதல் நாள் வெயில் காட்டிவிட்டு இரண்டாம் நாள் மழை வந்து முழுவதையும் கெடுக்கும். அந்த மாதங்களில் வருகிற கத்தரியை வதக்கி உறைபெட்டியில் வையுங்கள்.